அப்பா சொல்லும் ‘மடிச்சிடு’

என் அன்புச் சின்ன மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதிதான் உண்மை, எந்தப் பாதி என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் இந்த வீட்டில் ஒரு ஆளுக்காவது நிம்மதி.

நல்ல சேதிகளை முதலில் கொட்டிவிடுகிறேன், பின்னால் வருவதைச் சொல்லிவிட்டால் பிறகு இதற்கு மனசு வராது. உன் அண்ணனின் மூத்தவன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற உரிமத்தை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான், அவனோடு எழுதியவர்களில் பாதிப்பேர் திரும்ப எழுத வேண்டுமாம். ஒரு நாள் வேலி ஓரமாக நின்று பார்த்தேன், உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கை காட்டினான், நானும் கை வலிக்கிற வரை காட்டிவிட்டு வந்தேன், சாயங்காலம் வந்து ‘அது நான் இல்ல பாட்டி, எனக்கு இன்னிக்கு லீவு’ என்கிறான். இருக்கட்டும், யாரோ பெற்ற பிள்ளைக்குத்தானே காட்டினேன். நடுப்பெண் மொழிப் பாடத்தில் பள்ளிக்கே முதல், மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். தலைமை ஆசிரியை என்னிடம் வந்து, பேத்தி யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கேட்டார், ‘என்னைத்தான், நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், அவ நிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்’ என்றேன், அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவிவிட்டது. கடைக்குட்டி வாலு நீச்சலில் இரண்டாவது. முதலாவது வந்தவன் இவனைவிட ஒரு சாண் உயரம், அவன் சும்மா கையை நீட்டினாலே கரை வந்துவிடும், ஆகையால் நான் வாலுவுக்கு முதலாவது என்றே எல்லோரிடமும் சொல்கிறேன், நீயும் அப்படியே சொல். உன் மகள் பியானோ வாசித்ததைப் போனில் கேட்டோம். அப்பா காதில் வைத்தேன், நல்லாயிருக்கிற இடது காலால் தையல் மெஷினை மிதிக்கிற மாதிரியே தாளம் போட்டார். அவளிடம் சொல்.

போன தடவை நீ பேசியபோது அப்பா ஏதேதோ சொல்ல, உனக்கு ஒன்றும் விளங்காமல் குரல் உடைந்து வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டால் அண்ணனோடு மட்டும் பேசிவிட்டு வைக்கிறாய் என்று தெரியும், உன்மேல் வருத்தம் இல்லை. ஆனால் அவர் பேசுவது பிதற்றல் இல்லையடா. அதை உனக்குப் புரியவைத்தால்தான் இந்தக் கடிதத்தின் கடைசியில் நான் சொல்லப்போவதை நீ நம்புவாய், அதனால் பொறுமையாகப் படி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் என்ன சொன்னாள் என்றால், மூளையில் ரத்தம் கசிந்ததில் அவருடைய சொற்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன, ஒன்றை எடுக்கக் கைவிட்டால் இன்னொன்று வருகிறது என்றாள். காலமெல்லாம் தையல் கடையில் உட்கார்ந்த மனிதருக்குக் கைக்கு வருவது என்னவாக இருக்கும், நூலும் ஊசியும்தான். அவர் அந்தத் துணுக்குகளை வைத்துப் புதிதாகச் சொல் தைத்துக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்கள்தான் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நடுப்பெண்ணுக்குப் பள்ளியில் இதே பாடம்தான் நடந்தது. தெரியாத சொல் வந்தால் பயப்படாதே, அதற்குள்ளே தெரிந்த சொல் எது ஒளிந்திருக்கிறது என்று பார், பிறகு அக்கம்பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார், பாதி அர்த்தம் தானாக வரும் என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இதற்கு ஒரு பாடமா என்று சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் ‘முடநீக்கியல்’ என்று ஒரு பலகை, உன் அண்ணன் அதன் கீழே நின்று முழிக்கிறான். ‘முடம் தெரியுது, நீக்கு தெரியுது, வாசல் பூரா காலுல கட்டுப் போட்டவங்க உக்காந்திருக்காங்க, எலும்பு டாக்டர்டா, நமக்கு இல்ல, நட’ என்றேன். அந்த மிதப்பில் அடுத்து ‘கதிரியல்’ என்ற பலகையைப் பார்த்து, கதிர் என்றால் சூரியன், இங்கே நோயாளிகளை வெயிலில் உட்காரவைப்பார்கள் போல என்றும் சொன்னேன், உள்ளே போனால் ஜன்னலே இல்லாத இருட்டறை, படம் பிடிக்கிற மெஷின். அண்ணன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறான்.

அப்பாவின் பேச்சுக்கும் அதே வழிதான். ‘பொத்தானிச்சாச்சா’ என்று கேட்டார், யாருக்கும் புரியவில்லை. உள்ளே இருப்பது பொத்தான், வாலில் இருப்பது ஆச்சா என்கிற கேள்வி, கேட்டது விளக்கு வைத்த பிறகு, கண் போனது வாசல் பக்கம். கதவைப் பூட்டியாச்சா என்கிறார். ‘நூல்காரர்’ என்றால் டெலிபோன் கம்பியைச் சரிபண்ண வந்த ஆள். ‘அளவம்மா’ என்றால் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸ். ‘இஸ்திரித் தண்ணி’ என்றால் வெந்நீர். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ‘பாபின், பாபின்’ என்று துடிக்கிறார், மெஷினுக்கு அடியில் யாரும் கவனிக்காத நேரத்தில் நூல் தீர்ந்துபோகிற அந்தக் குட்டிச் சக்கரம், நிமிர்ந்து பார்த்தால் மேலே குளுக்கோஸ் பாட்டில் காலி. நான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து வார்டில் எனக்கு அகராதியம்மா என்று பெயர். உன் அண்ணன், ‘எங்கப்பா கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் கூப்பிடறாரு’ என்றான், டாக்டரே வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் சரியாகவே சொன்னேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அண்ணனுடைய மேலதிகாரி அப்பாவைப் பார்க்க வந்தார், விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலையைத் திருப்பவேண்டும் என்றால் உடம்போடு திரும்புவார். அப்பா என்னிடம் ‘காலர் எப்பப் போகும், காலர் எப்பப் போகும்’ என்கிறார். காலர் இருப்பது கழுத்தில், கழுத்து வலி போக மாட்டேன் என்கிறது என்று நினைத்து நான் தைலத்தை எடுத்து அவர் கழுத்தில் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். அவர் தள்ளத் தள்ளத் தேய்க்கிறேன். மேலதிகாரி வேறு ‘எனக்கும் இதே தொந்தரவுதாங்க’ என்று தன் கழுத்தைத் தடவிக் காட்டினார். மேலதிகாரி போன பிறகுதான் காலர் என்றது அந்த விறைப்பான ஆளைத்தான் என்று உன் அண்ணிக்கு விளங்கி, சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் கடைசியாக எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

இரண்டாவது தடவை தலையைத் திறந்து மூடி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சொல் வந்தது. ‘மடிச்சிடு.’ தெளிவாகச் சொன்னார், குளறல் இல்லை, நடுவில் எதுவும் இடம் மாறவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம், முழுசாக ஒரு சொல் சரியாக வந்துவிட்டது என்று. போர்வையை மடித்தோம். இல்லை என்று தலையை ஆட்டினார். செய்தித்தாளை மடித்தோம், துண்டை மடித்தோம். அண்ணி பாவம், வேலைக்குப் போய்விட்டு வந்த அலுப்போடு அலமாரியில் இருந்த துணி அத்தனையும் வெளியே போட்டு அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக மடித்தாள். வாலு குடையை மடித்தான், நாற்காலியை மடித்தான், காகிதத்தில் கப்பல் மடித்து நெஞ்சின்மேல் வைத்தான், அதற்கு மட்டும் அவன் தலையைத் தடவினார். கை கால் பயிற்சி கொடுக்க வருகிற தம்பி இருக்கிறானே, நல்ல பையன், அவனுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் தாங்கவில்லை. ‘பாத்தீங்களா அண்ணே, அய்யாவே கேக்குறாரு, முட்டிய மடக்கச் சொல்றாரு’ என்று செத்துப்போன வலது காலைப் பிடித்து மடக்கினான். அவர் மடிச்சிடு என்று சொல்லச் சொல்ல அவன் இன்னும் கொஞ்சம் மடக்குகிறான். அவர் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்படி ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு மனிதரை மடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அண்ணன், இது வெறும் பழக்கத்தில் வருகிற சொல் அம்மா, அர்த்தம் தேடாதே என்றான். பேச்சுப் பயிற்சிப் பெண்ணும், சில பேருக்கு ஒரு சொல் மட்டும் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும் என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சொல்லுக்குள்ளே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, மடி என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படியென்றால் அக்கம்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். எப்போது சொல்கிறார் என்று கவனித்தேன், எப்போது சொல்வதில்லை என்பதையும் கவனித்தேன், அதுதான் முக்கியம். சாப்பாடு ஊட்டும்போது சொல்வதில்லை. உடம்பு துடைக்கும்போது சொல்வதில்லை. நடுப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டும்போது சொல்லவே மாட்டார். பயிற்சித் தம்பியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் சொல்வார். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது சொல்வார். உன் அண்ணன் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூன்றாவது ஆபரேஷன் என்று ஆரம்பித்தால், படம் பாதி வெளியே வருவதற்குள் சொல்வார். அப்போது அவர் கண் துணியையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறது.

அன்றைக்கு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாலுவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உறையைப் பிரித்தான். அப்பாவின் இடது கை மெதுவாக வலது கைக்குப் போனது, அந்தக் கை மெலிந்து தோல் தனியாகத் தொங்குகிறது, அந்தத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். விட்டார். என்னைப் பார்த்து ‘மடிச்சிடு’ என்றார். ஊசி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாய், உனக்குத் தெரியாது. கடையில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பேன், ஓரம் அடிப்பேன். ஒரு அம்மா தன் செத்துப்போன புருஷனுடைய கோட்டைக் கொண்டுவருவாள். அப்பா அதை முதலில் அவளுடைய மூத்த மகனுக்காகப் பிடித்துக் கொடுத்தார், பிறகு அடுத்தவனுக்காகப் பிரித்து விட்டுக் கொடுத்தார், மறுபடி இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். இன்னொரு தடவை கொண்டுவந்தபோது உள் பக்கம் ஒரு விரல் அளவு தையலைப் பிரித்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இதே மாதிரி தேய்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், ஊசியில் நூல் கோர்க்க வேண்டாம் என்று எனக்கு அது அடையாளம். பிறகு அந்தக் கோட்டை அதனுடைய பழைய மடிப்பிலேயே மடித்து அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார். ‘இதுல ஊசி எறங்காத எடமே இல்லம்மா. இன்னும் கை வெச்சா கையோட வந்துடும். மடிச்சு வெச்சிடுங்க, கோட்டாவே இருந்துட்டுப் போகட்டும்’ என்றார். அந்த அம்மா விடவில்லை, ‘முடியாதுன்னு சொல்றதுக்கா கடை வெச்சிருக்கீங்க, வேற டெய்லரா இல்ல’ என்று சத்தம் போட்டுவிட்டுக் கோட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அன்று முழுக்க மெஷினில் உட்காரவில்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சட்டையைத் தைத்து முடித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன அறை, மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணனும், வீல்சேரில் அப்பா, முழங்கால்மேல் நீலப் போர்வை. மூன்றாவது தடவை திறந்தால் தலையில் தேங்குகிற நீர் வடியலாம், வடியாமலும் போகலாம், இருக்கிற பேச்சும் போய்விடலாம், திறக்காமல் விட்டால் கொஞ்ச காலம்தான், எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘அகராதியம்மா, அய்யா என்ன நெனைக்கிறாருன்னு உங்களுக்குத்தான் தெரியும், கேட்டுச் சொல்லுங்க, அவர் வேணாம்னா நான் கத்தியத் தொட மாட்டேன்’ என்றார். அப்பா தோலைப் பிடித்துத் தேய்த்தார். என்னைப் பார்த்தார். ‘மடிச்சிடு’ என்றார், எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா, கடைக்கு வந்தவர்களிடம் சொல்கிற அதே குரல்.

நான் ‘தெரியலீங்க டாக்டர்’ என்றேன். ‘போர்வைய மடிக்கச் சொல்றாரு போல’ என்றேன். சொன்னதோடு விடாமல் குனிந்து அவர் மடியிலிருந்த போர்வையை எடுத்து நாலாக மடித்தேன். மூலையோடு மூலை சேர்த்து, சுருக்கம் நீவி, அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி மடித்தேன். மடிக்கிற கையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் அண்ணன், ‘அப்பா வேணாம்னு சொல்லலயே, அப்ப சரின்னுதான் அர்த்தம்’ என்றான். தேதி குறித்தார்கள்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. மடிச்சிடு மட்டும் இல்லை, எதுவுமே. கதவு திறந்து கிடந்தாலும் பொத்தானிச்சாச்சா என்று கேட்பதில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தாலும் குடித்துவிடுகிறார். சிக்கியிருந்த சொல் விட்டுவிட்டது, இது நல்ல அறிகுறி என்கிறாள் பேச்சுப் பயிற்சிப் பெண். அப்பா மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்கிறான் அண்ணன். பயிற்சித் தம்பி, முன்னைவிட ஒத்துழைக்கிறார் என்று பாராட்டுகிறான். நான் மட்டும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் புரியாமல் போய்விட்டது என்றால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார், இன்னொரு தடவை சொல்லிப் பார்த்திருப்பார். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். காஜா எடுக்க உட்கார்ந்த முதல் வருஷத்திலிருந்து அந்தப் பார்வைக்கு நான் நூல் கோர்க்காமல் நிறுத்தியவள், இந்த ஒரு தடவை கோர்த்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். பேசாவிட்டாலும் பரவாயில்லை, தலை வாரிவிட ஒரு தலை, போர்த்திவிட ஒரு உடம்பு இருந்தால் போதும் என்று நினைத்தேன். கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். யாரோ கொண்டுவந்த கோட்டுக்குச் சொல்கிற தீர்ப்பைத் தனக்கும் சொல்லிவிட்டார், நான் என்ன கடைக்கு வந்த வாடிக்கையா, மடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவதற்கு. அந்த அம்மா சத்தம் போட்டாளே, அன்று அவள்மேல் எரிச்சல்பட்டேன், இப்போது அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இந்த வீட்டில் யாரிடம் சொல்வது. அண்ணனிடம் சொன்னால் அவன் தாங்க மாட்டான், இரவும் பகலும் அலைந்து அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நிற்கிறவன். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால் போன் கூடத்தில் இருக்கிறது, அவர் கட்டிலும் கூடத்தில்தான் இருக்கிறது.

இன்று மத்தியானம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய வலது கைத் தோலை நானே இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். இற்றுத்தான் போயிருக்கிறதடா. எத்தனை ஊசி, எத்தனை பச்சைத் தழும்பு. ‘புரிஞ்சுதுங்க, அன்னைக்கே புரிஞ்சுது, நாளைக்கு டாக்டர்ட்ட சொல்லிடறேன்’ என்றேன். பிறகு ‘ம்’ என்றார். தலையை என் பக்கம் திருப்பினார், என் முந்தானை ஓரத்தைப் பிடித்து, பிரிந்திருந்த ஒரு நூலைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டார். நான் அழுததை அவர் பார்த்தார், அவர் அழவில்லை.

ஆக நாளைக் காலையில் சொல்லப்போகிறேன். நான் சொன்னால் அவர் போய்விடுவார், சொல்லாவிட்டால் அவர் இருந்தும் என்னோடு இல்லை, இதில் எதை எடுத்தாலும் என் கை காலிதான். அண்ணன் நம்ப மாட்டான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கிழவி தன்னிஷ்டத்துக்கு அர்த்தம் கட்டுகிறாள் என்பான், கதிரியல் பலகையை ஞாபகப்படுத்துவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கழுத்துக்குத் தைலம் தேய்த்தவள்தானே நான். அதனால்தான் உனக்கு ஒன்றுவிடாமல் எழுதினேன், எப்போது சொன்னார், யார் இருக்கும்போது சொன்னார், கை எங்கே போனது, கண் எங்கே போனது எல்லாம். நீயே கூட்டிப் பார். அண்ணன் உன்னைக் கூப்பிட்டால் சண்டை போடாதே, அவன் பக்கமும் பேசாதே, என் பக்கமும் பேசாதே, அம்மா இட்டுக்கட்டவில்லை என்று மட்டும் சொல். அவனையும் கொஞ்சம் அழவிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் ஒரு பக்கம் ஆகியிருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை, இருந்தாலும் எங்காவது ஒருவனுக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவா என்று நான் எழுத மாட்டேன், வர முடிந்தால் உனக்கே தெரியும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசு, நல்லாயிருக்கும்போது பேசிவிட வேண்டும். பேத்திக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடு, பிழையாகப் பேசினால் சிரிக்காதே, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று பார். உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல், நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருந்தால் அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மத்தியானம் என் முந்தானையை விட்ட பிறகு அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்து ‘அளவு’ என்றார். நர்ஸ் வேண்டுமா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். அந்தச் சுவரில் இருப்பது நீ ஊரை விட்டுப் போன அன்று எடுத்த படம், அவர் தைத்த சட்டையில் ஒல்லியாக நிற்கிறாய். கட்டில் விரிப்பின்மேல் இடது கையை விரித்துச் சாண் போட்டுக் காட்டினார், இன்னும் ஒரு சாண் போட்டார், பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். உன் தோள் இப்போது எவ்வளவு அகலம் என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை என்றேன், இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை. ஆகவே ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. அண்ணனுடைய கைப்போனுக்கு அனுப்பாதே, அந்த வெளிச்சம் அவருக்குக் கண் கூசுகிறது, விரல் வைத்துப் பார்க்கவும் முடியாது. காகிதத்தில் பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்பு. உட்கார்ந்து எடுக்காதே, கோட்டு ஸ்வெட்டர் எதுவும் போடாதே, வெறும் சட்டையோடு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, தோள் இரண்டும் தெரிகிற மாதிரி எடு. அது வந்து சேரும்போது பார்ப்பதற்கு அவர் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கடிதம் கண்ட மறுநாளே அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா